உரக்க வாசிக்க வேண்டிய பெயர்

குடுவையில் ஒட்டியிருந்த சீட்டில் பெர்மெத்தின் மாமனார் பெயர் இருந்தது. குடுவைக்குள் இருந்தவை அவருடைய செல்கள் அல்ல.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். முகக்கவசத்துக்குள் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டுவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. மெலிந்து நீண்ட செல்கள், ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தன. எழுபத்திரண்டு வயது சர்க்கரை நோயாளியின் செல்கள் இப்படி வளராது. நான்கு வாரம் அவள்தான் அவற்றுக்குச் சாப்பாடு ஊற்றி வளர்த்தாள். அவருடையவை பெரிதாக, தட்டையாக, சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துக் கிடப்பவர்களைப் போல ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். ஒன்று இரண்டாக மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். தினம் காலையில் அவற்றைப் பார்த்து, "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று மனசுக்குள் கெஞ்சியிருக்கிறாள். அவளுக்கா தெரியாது?

பக்கத்துக் குடுவையை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதன் சீட்டில் குபாத் என்று இருந்தது. உள்ளே அந்தத் தட்டையான சோம்பேறிகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. 

பிஷ்கேக் நகரத்தின் அந்த இதய ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் இருந்தது ஆய்வகம். வயிற்றுக் கொழுப்பில் ஒரு கைப்பிடி உறிஞ்சி எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்து, சோதித்து முடிக்கும் வரை உறைய வைத்து, பிறகு அதே ஆளின் நலிந்த இதயச் சுவரிலேயே ஊசியால் ஏற்றுவார்கள். குணமாகுமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. பைபாஸுக்கும் லாயக்கில்லை, மாற்று இதயத்துக்கும் வழியில்லை என்று கைவிடப்பட்டவர்களைத்தான் இதில் சேர்த்தார்கள். பெர்மெத்தின் மாமனார் பதினேழாவது ஆள். குபாத் பதினெட்டாவது.

மாமனாருக்கு ஒரு பெயர் உண்டு. அவருக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை என்பதால் இவனாவது தங்கட்டும் என்று வைத்த பெயர். கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் பெர்மெத் அதை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. கிர்கிஸ் வீட்டு மருமகள் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்ல மாட்டாள். எழுதலாம், படிக்கலாம், வாயில் மட்டும் வரக்கூடாது. "எங்க மருமகள் லேபுல வேலை பாக்குறா, கார் ஓட்டுறா, ஆனா இவ வாயிலேருந்து அந்தப் பேர் வந்து எவளாவது கேட்டிருப்பாளா?" என்று மாமியார் கல்யாண வீடுகளில் பீற்றிக்கொள்வாள். பெர்மெத்துக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்று சொல்ல முடியாது. அவள் சொல்லும் வரை இந்தக் கதையும் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை.

தவறு நடந்தது அந்தப் பெருமையால்தான்.

பிப்ரவரியில் செல்களை உறைய வைத்த நாள். ஆய்வகத்தில் சீட்டு வாசிப்பு என்று ஒரு விதி உண்டு. ஒருத்தி குடுவையைக் கையில் பிடித்துப் பெயர், பிறந்த வருஷம், எண் மூன்றையும் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவள் தன் கையிலிருக்கும் சின்னக் குப்பியின் சீட்டைப் பார்த்து அதையே திருப்பி வாசித்து "சரி" என்று சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருடைய குடுவைதான் வெளியே இருக்கலாம். அன்றைக்கு மூன்று மணிக்குக் கரண்ட் போகும் என்று சொல்லியிருந்ததால் குல்சுன் அவசரப்பட்டு இரண்டையும் வெளியே எடுத்துவிட்டாள். குல்சுன் பெர்மெத்தைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், கூட வேலை செய்கிறவள். அவளும் ஒரு வீட்டு மருமகள்தான். அவள் மாமனார் பெயரில் ஆப்பிள் இருப்பதால் இருபது வருஷமாகச் சந்தையில் "அந்தச் சிவப்புப் பழம் ரெண்டு கிலோ" என்றே கேட்டு வாங்குகிறாள்.

பெர்மெத் ஒரு குடுவையைக் கையில் பிடித்தாள். சீட்டைப் பார்த்தாள். வாய் திறந்தது, பெயர் வரவில்லை.

"நம்ம அத்தாவோடது," என்றாள். மாமனாரானாலும் ஊர்ப் பெரியவரானாலும் அங்கே அத்தாதான்.

குல்சுன் சிரித்தாள். "தெரியும் தாயே, உன் வாயில வராதுன்னு. எனக்கு மட்டும் வருமா? வை, வை, கரண்ட் போயிடப்போகுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வருஷத்தையும் எண்ணையும் வாசிக்கவே இல்லை. "மத்தது குபாத்தோடது" என்று அடுத்ததும் அப்படியே முடிந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் எந்தக் கை எந்தக் குப்பியை எடுத்தது என்று இன்றைக்கு யார் சொல்வது?

போன வாரம் சோதனைக்காக ஆளுக்கொரு குப்பியை உருக்கி வளர்த்த குடுவைகளைத்தான் அவள் இப்போது பார்த்தாள். இன்றைக்குப் பத்து மணிக்கு மாமனாருக்கு ஊசி. பன்னிரண்டுக்குக் குபாத்துக்கு.

குல்சுன் உள்ளே வந்தாள். வெள்ளை உடுப்பு, இரட்டைக் கையுறை, கண்ணாடி. கண்கள் மட்டும் தெரிந்தன. பெர்மெத் மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். குல்சுன் முதல் குடுவையைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், முதலாவதை மறுபடி பார்த்தாள். அவளும் பதினைந்து வருஷமாக இதே வேலையில் இருப்பவள்தான்.

"உறைஞ்சு எழுந்ததுல கொஞ்சம் மாறியிருக்கும்," என்றாள்.

"அக்கா."

"என்ன அக்கா? வடிவத்த வெச்சு ஆளைச் சொல்ல முடியுமா? எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எந்தப் புத்தகத்துலயும் இல்ல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

குல்சுன் சத்தத்தைத் தணித்தாள். "கேளு. இப்பப் போய்ச் சொன்னா என்ன ஆகும்? ரெண்டையும் கொட்டச் சொல்வாங்க. சந்தேகம் வந்தா ரெண்டையும் கொட்டணும், அதான் சட்டம். உங்க மாமனாருக்கு மறுபடி கொழுப்பெடுத்து, வளர்த்து, சோதிச்சு, உறைய வெச்சு... ரெண்டு மாசத்துக்கு மேல. அந்த இதயத்துல ரெண்டு மாசம் இருக்கா? நீயே சொல்லு."

பெர்மெத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அடுத்தவங்க செல்ல போட்டும் சோதனை நடத்துறாங்கதான? செத்தா போயிட்டாங்க? உங்க அத்தாவுக்கு வாலிபன் சரக்கு கிடைக்குது. நல்லதுன்னு நெனச்சுக்கோ."

"அது அதுக்குன்னு பாத்து எடுத்த செல். ரத்தத்தையெல்லாம் சோதிச்சிருப்பாங்க. இது அப்படியா? காய்ச்சல் வந்தா? நடுவுல துடிப்பு தாறுமாறாப் போனா?"

"வந்தா பாத்துக்கலாம். எனக்கு மூணு பசங்க பெர்மெத். ஒண்ணு இந்த வருஷம்தான் யுனிவர்சிட்டிக்குப் போகுது. உன் வாய் வராததுக்கு நானும் தெருவுல நிக்கணுமா?"

உன் வாய். அது நியாயமான பேச்சுதான். 

சுத்த அறையில் ஜன்னல் திறக்காது. வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு கதவு தாண்டி, உடுப்பைக் கழற்றி, காற்று அடங்கக் காத்திருந்து, அரை மணி ஆகும். ஒரு கண்ணாடிச் சதுரம் வழியாக நடைபாதை தெரியும். அங்கே மாமியார் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் தலைத்துணி, மடியில் துணியில் சுற்றிய ரொட்டி. அவளுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் செருப்போடு குபாத் உட்கார்ந்து ஏதோ சொல்லிக் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தான்.

குபாத் நகர வேன் ஓட்டுகிறவன். நாற்பத்தாறு வயது, இரண்டு தடவை மாரடைப்பு. மாமனார் முப்பது வருஷம், மேலே கம்பியில் மின்சாரம் பிடித்து ஓடும் டிராலி பஸ் ஓட்டியவர். ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை ஓயவில்லை.

"கம்பியப் புடிச்சுக்கிட்டே ஊரைச் சுத்துன ஆளு நீங்க," என்பான் குபாத். "கம்பி விட்டுப் போனா அம்போன்னு நடுரோட்டுல நிப்பீங்க. உங்களை ஓவர்டேக் பண்ணியே எனக்கு இதயம் போச்சு."

"உன் வண்டியில கதவைச் சாத்தவே ரெண்டு ஆள் வேணும்டா. ஜனங்களை மூட்டையா அடுக்குனவன் நீ. அந்தப் பாவம் உன் நெஞ்ச அடைக்காம யாரு நெஞ்ச அடைக்கும்?"

கொழுப்பு எடுத்த அன்றைக்கும் அப்படித்தான். "இந்த எலும்புக்கூட்டுல கொழுப்பத் தேடுறாங்க பாரு. அத்தா, என்கிட்ட கேளுங்க, ஒரு கிலோ தர்றேன், எடுத்து உங்க பேருல போட்டுக்கட்டும்" என்று குபாத் கத்த, வார்டே சிரித்தது. 

அவள் என்ன செய்தாள்? வேலையைச் செய்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் அவளை நல்லவளாக்கின பாவம் வந்து சேரும். பதினேழு என்று எழுதின குப்பியில் உறைந்திருந்ததை உருக்கி, கழுவி, எண்ணினாள். ஆறு கோடி உயிருள்ள செல்கள். ஊசி போட நான்கு கோடி இருந்தால் போதும். சிரிஞ்சில் நிரப்பி, சீட்டை ஒட்டி, சுவரில் இருபக்கமும் கதவு வைத்த பெட்டிக்குள் வைத்துத் தன் பக்கக் கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை அதை எடுத்துக்கொண்டு போனது. அந்த நிமிஷம் அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: அத்தா பிழைக்கட்டும். புருஷன் ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்கில் டாக்சி ஓட்டுகிறான். அப்பா நிலைமை எப்படி என்று தினமும் போனில் அழுகிறான். மாமியார் நாற்பது நாளாக ஒழுங்காகத் தூங்கவில்லை. இவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவள் அவள்தானே.

இன்டர்காம் கரகரத்தது. எமில் சாதிரோவிச், சோதனையை நடத்தும் டாக்டர். குரலில் உற்சாகம் வழிந்தது.

"பெர்மெத், ஆறு கோடியா! உன் மாமனாருக்குள்ள குதிரை ஒண்ணு ஒளிஞ்சிருந்திருக்கு. குபாத்தோடது எண்ணியாச்சா?"

"இப்பத்தான்..."

எண்ணினாள். இரண்டு கோடியே முப்பது லட்சம். உறைந்து எழுந்ததில் பாதிக்கு மேல் செத்திருந்தன. இன்னொரு தடவை எண்ணினாள். இரண்டு கோடியே இருபது லட்சம்.

சொன்னாள். 

"போச்சு. நாலு கோடிக்குக் கீழ போட முடியாது," என்றார் எமில். "சரி, அவனைச் சோதனையிலேருந்து எடுத்துடலாம். ஒரு தடவை வளராதவங்களுக்கு மறுபடி செய்ய விதி இல்ல. மத்தியானம் டிஸ்சார்ஜ் எழுதிடறேன். பாவம், நானே சொல்லிக்கறேன்."

கண்ணாடிச் சதுரத்துக்கு அந்தப் பக்கம் குபாத் இன்னும் கையை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய ஆறு கோடி செல்கள் அவனைத் தாண்டி அடுத்த அறைக்குப் போய்விட்டன. ஒரு கிலோ தர்றேன் என்று அவன் விளையாட்டுக்குச் சொன்னதை இவள் மெய்யாகவே எடுத்துக் கொடுத்திருந்தாள். இனிமேல் அவன் பிளாஸ்டிக் பையில் துணிமணியை அடைத்துக்கொண்டு, தன் செல்கள்தான் வளரவில்லை என்று நம்பிக்கொண்டு, வேனில் ஏறி வீட்டுக்குப் போவான்.

பெர்மெத்தின் கை இன்டர்காமின் அவசரப் பட்டனுக்குப் போனது. குல்சுன் அந்தக் கையைப் பிடித்தாள். இரண்டு கையுறைகளும் ஒன்றோடொன்று உரசின.

"மாமனார் செத்தா நீதான் கொன்னேன்னு சொல்வாங்க," என்றாள் குல்சுன். மிரட்டவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா."

பட்டனை அழுத்தினாள். "ஊசி போடாதீங்க. நிறுத்துங்க."

வந்தது நர்ஸின் குரல். "யாரு? டாக்டர் கை கழுவிக்கிட்டிருக்காரு. எதை நிறுத்தணும்?"

"அத்தாவுக்குப் போடுற ஊசிய."

"எந்த அத்தா? இன்னைக்கு ரெண்டு ரூம்லயும் சேத்து நாலு அத்தா படுத்திருக்காங்க."

"எங்க அத்தா. எங்க வீட்டு அத்தா."

"ஏம்மா, பேர், வருஷம், நம்பர் மூணும் சொல்லாம எந்த டேபிளையும் நான் நிறுத்த முடியாது. உனக்கே தெரியாதா? சொல்லு சீக்கிரம், இங்க ஆள மயக்கியாச்சு, குழாய் உள்ள போயாச்சு."

அவசரப் பட்டனில் பேசுவது மட்டும் நடைபாதை ஒலிபெருக்கியிலும் கேட்கும். அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட வசதியாக அப்படி வைத்திருந்தார்கள். மாமியாரின் தலைக்கு நேர் மேலே அது தொங்கியது. பெர்மெத்தின் குரலைக் கேட்டு அவள் ஏற்கெனவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷம் அந்தப் பெயரைச் சுற்றியே போய்ப் பழகின நாக்கு.  கண்ணாடி வழியாக மாமியாரைப் பார்த்தால் வராது என்று தெரிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொக்தோசுன்," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "தொக்தோசுன் அப்தில்தாயெவ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. பதினேழு. சிரிஞ்சில இருக்கறது அவரோடது இல்ல. குபாத்தோடது. சீட்டு மாறிப்போச்சு. மாத்தினது நான்."

கண்ணைத் திறந்தபோது நடைபாதையில் மாமியார் எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்த ரொட்டி கீழே விழுந்திருந்தது. விழுந்த ரொட்டியை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளாமல் அவள் நின்றதை பெர்மெத் அதற்கு முன் பார்த்ததில்லை. குபாத்தின் கைகள் பாதியில் நின்றுபோயிருந்தன.

சிரிஞ்சில் இருந்ததையும் குபாத் பெயரில் எண்ணியதையும் கொட்டினார்கள். மிச்சத்திலிருந்து மாதிரி எடுத்துப் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து அவள் சொன்னதுதான் சரி என்று வந்தது. அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

எமில் சாதிரோவிச் இரண்டு பேரையும் நிற்க வைத்து பெர்மெத்திடம் பேசினார். "தப்பு நம்ம சீட்டு வாசிப்புல, அவங்க உடம்புல இல்லன்னு நெறிமுறைக் குழுவுக்கு எழுதறேன். ரெண்டு பேருக்கும் மறுபடி செய்ய அனுமதி கிடைக்கும். உன்னை விரட்டணும். விரட்டினா வளர்க்க ஆளில்ல. உங்க ரெண்டு பேர் ரிக்கார்டுலயும் எழுதறேன். இனிமே ஒரு பேரைச் சொல்ல வாய் வராதவ என் லேபுக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது. புரிஞ்சுதா? தினமும் காலையில குடுவைய எடுத்ததும் நீதான் வாசிக்கற. நான் இங்க உக்காந்து கேப்பேன்."

குல்சுன் தலை குனிந்து நின்றாள். வெளியே வந்ததும், "பொழச்சோம்" என்று மட்டும் சொன்னாள். பெர்மெத்துக்கு அப்படித் தோன்றவில்லை.

வார்டில் மாமனார் மயக்கம் தெளிந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பெர்மெத் வாசலிலேயே குனிந்து வணங்கி நின்றாள். அழுகை வந்தது. அடக்கவில்லை.

"வா," என்றார் அவர். "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டியாமே."

"மன்னிச்சுக்கோங்க அத்தா."

"எங்கம்மா போன பொறகு யாரு என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டா? டிப்போவுல மைக்ல கூப்புடுவான். இவ என்னைக் கெழவாம்பா. தெருவுல அத்தாம்பாங்க. நான் மயக்கத்துல கிடந்தப்பப் போய்ச் சொல்லியிருக்க பாரு. காதுல விழலியே."

குபாத் பக்கத்துக் கட்டிலில் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அத்தா, உங்க சோம்பேறிங்களை என் நெஞ்சுல ஏத்தப் பாத்தாங்க. நானும் கம்பியப் புடிச்சுக்கிட்டு ஓடியிருப்பேன்."

"உன் ரவுடிங்க எனக்குள்ள வந்திருந்தா சிக்னல்ல நிப்பானுங்களாடா?"

மாமியார் மட்டும் திரும்பவில்லை. "வாயக் காக்கத் தெரியாதவளுக்கு ஊசிக் குப்பிய எப்படிக் காக்கத் தெரியும்?" என்றாள் சுவரிடம். வாயைக் காத்ததால்தான் குப்பி மாறியது என்று அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது? 

மறுபடியும் கொழுப்பு எடுத்தார்கள். இந்தத் தடவை அவர் வயிற்றில் பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை. இடுப்புப் பக்கம் தேடிப்பிடித்து ஒரு தேக்கரண்டி அளவு எடுத்தார்கள். மாமியார் ஆட்டு வால் கொழுப்பை உருக்கி உருக்கி ஊட்டினாள். டாக்டர் வேண்டாம் என்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெர்மெத் ஊற்றிக் கொடுத்த தேநீரை அவள் தொடுவதில்லை. எழுந்து போய்த் தானே ஊற்றிக்கொண்டாள். வீட்டில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தாலும் வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கம் உட்கார்ந்து எல்லோர் கிண்ணத்தையும் நிரப்புவது மருமகள் வேலை, எல்லோரும் குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்க முடியாது. ஒரு கிண்ணம் மட்டும் அவள் கைக்கு வராமலே இருந்தது. தினமும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஆய்வகத்தில் அந்தப் பெயரை உரக்க வாசிப்பாள். மாலையில் வீட்டில் அதே வாயை மூடிக்கொண்டு தேநீர் ஊற்றுவாள். போனில் புருஷன், "நீ பேசாம இருந்திருந்தா?" என்று ஒரு நாள் ஆரம்பித்து, முடிக்காமல் வைத்துவிட்டான். முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடிக்காத அந்தக் கேள்வி அவளோடு பஸ்ஸில் வந்தது, பாத்திரம் கழுவும்போது நின்றது, படுக்கையிலும் கிடந்தது.

குபாத்தின் செல்கள் மூன்றே வாரத்தில் குடுவையை அடைத்தன. மே மாதக் கடைசியில் அவனுக்கு ஊசி போட்டார்கள். மாமனாரின் செல்கள் ஒரு தேக்கரண்டியிலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது. ஆறாவது வாரம் ஒரு கோடி. எட்டாவது வாரம் இரண்டு கோடி. "எழுந்திருங்க" என்று கெஞ்சுவதை பெர்மெத் விட்டுவிட்டாள். பெயர், வருஷம், எண் சொல்லிச் சாப்பாடு ஊற்றினாள், அவ்வளவுதான்.

ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை குடுவை அவள் கையில் இருந்தபோது இன்டர்காம் கரகரத்தது. எமில் சாதிரோவிச்சின் குரல். மாமனார் பெயரை அவர் சொல்லவில்லை.

"பெர்மெத். உங்க வீட்டுலேருந்து போன். உங்க அத்தா..."

காலையில் தேநீர் குடித்து, கிண்ணத்தைக் கீழே வைக்கும்போது சாய்ந்துவிட்டாராம்.

அவள் குடுவையை இன்குபேட்டருக்குள் வைத்தாள். முதல் கதவு, உடுப்பு, கையுறை, காற்று அடங்கும் வரை சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பது, இரண்டாவது கதவு. ஓட முடியாத இடம் அது. அந்தப் பெட்டி போன்ற அறையில் நின்று சத்தம் போட்டு அழுதாள். விளக்கு பச்சையாகிற நேரத்தில்தான் பச்சையானது.

முற்றத்தில் கூடாரம் போட்டு அவரைக் கிடத்தினார்கள். பெண்கள் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரி பாட, ஆண்கள் தெருவிலிருந்தே கதறிக்கொண்டு வந்தார்கள். குபாத் வந்தான். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது, படி ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை. அதை மறைக்க முயன்றவன்போல மெதுவாகவே நடந்தான். போகும்போது சமையல்கட்டு வாசலில் பெர்மெத்தைப் பார்த்து நின்றான்.

"நீங்க பேசாம இருந்திருந்தா அவரு இன்னைக்கு இருந்திருப்பாரோ என்னமோ," என்றான். "எனக்குத் தெரிஞ்சே இருந்திருக்காது." பிறகு தன் ஷூவைப் பார்த்தான். "எனக்கு ரெண்டும் சின்னப் பசங்க. அதனால நன்றி சொல்றேன். சொல்றதுக்கு வெக்கமா இருக்கு."

மாமியார் மூன்றாம் நாள்தான் அவளிடம் பேசினாள். நேராக முகத்தைப் பார்த்தாள், கோபம்கூட இல்லை. "தங்கட்டும்னு வெச்ச பேர். நீ சொன்ன, போயிட்டாரு," என்றாள். பெர்மெத்துக்கு இதயம் என்றால் என்ன, செல் என்றால் என்ன என்று எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்தப் பேச்சைத் தட்டிவிட முடியவில்லை.

பத்தாம் நாள் ஆய்வகத்துக்குப் போனாள். இறப்புச் சான்றிதழ் வந்திருந்தது. ஆள் இறந்தால் அவர் செல்களை அழித்துவிட வேண்டும், அதற்கும் இரண்டு பேர் வேண்டும், அதற்கும் சீட்டு வாசிப்பு உண்டு. குல்சுன் இத்தனை நாளும் சாப்பாடு ஊற்றி அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தாள். கேட்டால், சட்டத்தில் நீ வர வேண்டும் என்று இருக்கிறது என்று சமாளித்தாள். அப்படியெல்லாம் இல்லை.

பெர்மெத் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். தட்டையான பெரிய செல்கள், மூலைக்கு மூலை கிடந்தவை, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு குடுவையின் தரை தெரியாமல் நிறைந்திருந்தன. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எண்ணினாள். நான்கு கோடியே இருபது லட்சம்.

"நான் வாசிக்கறேன் பெர்மெத்," என்றாள் குல்சுன். "நீ சீட்டப் புடிச்சுக்கோ போதும். யாரும் கேக்க மாட்டாங்க."

"வேண்டாம்க்கா."

குடுவையைக் கையில் எடுத்தாள். இன்குபேட்டரின் சூடு அதில் இன்னும் இருந்தது, உடம்புச் சூடு.

"தொக்தோசுன் அப்தில்தாயெவ்," என்று உரக்க வாசித்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. பதினேழு."

குல்சுன் அழிப்புச் சீட்டைப் பார்த்து மூன்றையும் திருப்பி வாசித்தாள். குரல் நடுவில் ஒரு தடவை உடைந்தது. பிறகு "சரி" என்றாள்.

பெயர் சரியாக இருந்தது, வருஷம் சரியாக இருந்தது, எண் சரியாக இருந்தது. பெர்மெத் மூடியைத் திறந்து அழிக்கும் மருந்தை ஊற்றினாள்.